ழ, ள, ல

காலை ஆறு மணிக்குக் கோவேந்தன் எழுந்தான். பல் துலக்கினான். நாக்கை வழித்தான். குளியலறைக் கண்ணாடி முன் வாயைத் திறந்து பத்து முறை 'ழ' என்றான். பத்தும் சரியாக இருந்தன. வாயைக் கொப்பளித்துவிட்டுப் பால் பாக்கெட்டை எடுக்கப் போனான்.

குளியலறைச் சாளரம் வழியே மற்ற மாடிகளின் ழ கேட்டது. ஒன்பதாம் மாடியில் ஒரு கட்டைக் குரல். நான்காம் மாடியில் ஒரு குழந்தை, கூடவே அதன் அம்மா. பதினான்கு மாடிகளிலும் அந்த நேரத்தில் யாரும் வேறு எதுவும் பேசவில்லை. பெரிய வண்டு ஒன்று கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது போல இருந்தது.

மடக்குக் காய்ச்சல் நகரத்துக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அந்தக் கிருமி முதலில் தொடுவது நாக்கின் நுனியை ஆளும் நரம்பை. காய்ச்சல் வருவதற்கு முன்பே நுனி விறைத்துவிடும், பின்னால் வளையாது. மிக அதிகம் வளைய வேண்டிய ழ முதல் நாளே போகும். பழம், பளம் ஆகும். இரண்டாம் நாள் ளவும் போகும். பளம், பலம் ஆகும். மூன்றாம் நாள் பேச்சே போய்விடும். அதன் பிறகுதான் காய்ச்சல், மூச்சுத்திணறல். ஆனால் அந்த முதல் இரண்டு நாளில்தான் நோய் அடுத்தவருக்குத் தாவுகிறது. மற்ற மொழிக்காரர்கள் என்னென்னவோ ஒலிகளை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். தமிழுக்கு ழ வாய்த்தது. முதல் வாரம் தொலைக்காட்சியில் அதைப் பெருமையாகவே சொன்னார்கள்.

பிறகு குரலாய்வி வந்தது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. வாசலில் பொருத்தினால் போதும். நுழைபவர் பெயரையும் வீட்டையும் சொல்ல வேண்டும். பெயரில் ழ இல்லாதவர்கள் 'வழி விடுக' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டி அந்த ழவை மட்டும் பிரித்தெடுத்து, தன்னிடம் உள்ள மாதிரிக் குரலோடு ஒப்பிடும். சரி என்றால் பச்சை. பிசகினால் சிவப்பு, பத்து நிமிடத்தில் வண்டி வரும். வண்டி, நோய் கண்டவர்களைத் தனியே வைக்கும் ஒதுக்ககத்துக்குப் போகும். மக்கள் அந்தப் பெட்டியைக் காது என்றார்கள்.

காதுகள் எல்லா வாசலுக்கும் வந்து சேர்வதற்குள் மனிதர்களே காதாகிவிட்டார்கள். பேருந்தில் ஒருவர் 'கீள்க்கட்டளை ஒண்ணு' என்று சீட்டுக் கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் வண்டி காலியானது. வாழைப்பழக்காரர் 'மஞ்சள், மஞ்சள்' என்று கூவினார். ஏழு என்று சொல்ல வேண்டியவர்கள் விரல்களைக் காட்டினார்கள். வெற்றிலை மென்றால் நரம்பு இளகும் என்று ஒரு செய்தி சுற்றியது. இரண்டு நாள் நகரத்தில் வெற்றிலை கிடைக்கவில்லை. தேன், பிறகு கடுக்காய், பிறகு ஐஸ் கட்டி. எதிரில் வருபவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் வழக்கம் நின்றது. எல்லோரும் எல்லோருடைய வாயையும் பார்த்தார்கள்.

கோவேந்தன் கும்பகோணத்துக்காரன். கல்லூரியில் கணக்கு விரிவுரையாளன். அவன் ழவில் பிசகு இல்லை. பிசகு அவன் மனைவியிடம் இருந்தது.

அவள் பெயர் எழிலரசி. அருப்புக்கோட்டை. அந்தப் பக்கத்தில் பலருக்கும் ழ என்பது எழுத மட்டும்தான், சொல்லும்போது ள. பிறந்ததிலிருந்து அவள் தன்னை எளிலரசி என்றே சொல்லிவந்தாள்.

அடுக்ககச் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி திங்கட்கிழமை காது பொருத்தப்படும் என்று அறிவித்தார். அன்று வியாழன். அதற்கு முன்தினம்தான் மின்தூக்கி பார்க்க வந்த சுடலைமுத்துவைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் செய்தது ஒன்றுதான். மூன்றாம் மாடியில் ஏற வந்த ஒருவரிடம், "கீள போவுது, ஏறாதிய" என்றார். யாரோ அலைபேசியில் அழைத்துவிட்டார்கள். வண்டிக்குள் இருந்து அவர் கத்தியது கோவேந்தன் குடியிருந்த ஏழாம் மாடிவரை கேட்டது. "நான் தூத்துக்குடி சார்! எங்க ஊர்ல பூராப் பேரும் இப்பிடித்தான் பேசுவாவ!"

வண்டி போய்விட்டது. ஒதுக்ககத்தில் நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே கூடத்தில் படுத்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாவது நாள் சுடலைமுத்து அங்கேயே இறந்தார். போகும்போது அவருக்கு நோய் இல்லை.

அந்த வியாழக்கிழமையே கோவேந்தன் பாடத்தைத் தொடங்கினான்.

"எழிலரசி."

"எளிலரசி."

"நுனிய மேல மடக்கு. அண்ணத்துல படக்கூடாது."

"படாம எங்கிட்டுங்க நிக்கும்? அந்தரத்துலயா?"

"அந்தரத்துலதான்."

"கும்பகோணத்துக்காரங்களுக்கு நாக்குக்குள்ள கம்பி வச்சுத் தச்சிருப்பாங்க போல."

"சிரிக்காத. உன் பேரையே சொல்லத் தெரியலன்னா எப்படி?"

"எங்கம்மா வச்ச பேரு எளிலுதான். நீங்கதான் கல்யாணத்துக்கு அப்பறம் மாத்திக்கிட்டீங்க."

மாலைவரை நடந்தது. ழ வரவில்லை. ஒருமுறை ய வந்தது. ஒருமுறை இருமல் வந்தது. அவள் சலித்துப்போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டா? எங்க ஆளுகளுக்கு எதுக்கு ழ-வக் கேக்குறாங்க? ள-வக் கேக்கச் சொல்லுங்க. எங்க ள போயி ல வந்தாத்தான எங்களுக்கு நோவு?"

அவன் அதை யோசித்தான். சரியாகவே இருந்தது. சுகாதார உதவி மையத்துக்கு அப்படியே எழுதி அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது. மாதிரிக் குரல் ஒன்றே. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி வைக்க இயலாது. சரியான உச்சரிப்பைப் பழகிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

பழகினாள். சனிக்கிழமை காலை தோசைக்கல் முன் நின்றபடி கூப்பிட்டாள்.

"ஏங்க, கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. எழிலரசி. ஏழாம் மாடி."

அவன் கண்ணைத் திறந்துவிட்டான். செய்தி வாசிப்பவர்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்ல மாட்டார்.

"எப்படி?"

"நுனிய விட்டுட்டேன். அது மடங்க மாட்டேங்குது, சனியன். சும்மா கெடக்கட்டும்னு விட்டுட்டு, நடு நாக்கத் தூக்கி ரெண்டு ஓரத்தையும் கடவாப்பல்லுல ஒட்டிக்கிட்டேன். ழழழ. பாருங்க, நாள் பூராச் சொல்லுவேன்."

திங்கட்கிழமை காது வந்தது. பார்த்தசாரதி ஒரு நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவள் பெட்டியின் முன் நின்றாள். அவன் அவள் பின்னால் நின்றான்.

"எழிலரசி. ஏழாம் மாடி."

பச்சை.

"என்னம்மா, உங்களத்தான் சந்தேகப்பட்டேன்," என்றார் பார்த்தசாரதி. "நீங்க தெக்கத்திக்காரங்க இல்லையோ?"

"தெக்குதான் சார். நாக்க மட்டும் வடக்க மாத்தி வச்சிருக்கேன்."

மின்தூக்கியில் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக் கதவை மூடியதும் மறுபடி ளவுக்குப் போனாள். வாழைக்காய் வாளக்காயானது. அவன் திருத்தினான்.

"வீட்டுக்குள்ளயும் எதுக்குங்க?" என்றாள். "வெளிய போய்ட்டு வந்தா நாக்கும் செருப்பக் களட்டிப் போட வேணாமா?"

அவன் விடவில்லை. வீட்டில் தளர்ந்தால் வாசலில் தவறும் என்று பயந்தான். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அவள் எது சொன்னாலும் அவன் காது ழவுக்காகக் காத்திருந்தது. தவறினால் 'ழ' என்பான். அவள் திரும்பச் சொல்வாள். சில வாரங்களில் அவள் என்ன சொல்கிறாள் என்பது அவனுக்குப் பாதிதான் கேட்டது.

மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த நான்கு பெண்களுக்கு அவள் அந்த முறையைக் கற்றுக்கொடுத்தாள். ஒருத்தி விருதுநகர், ஒருத்தி பரமக்குடி. மற்ற இருவர் சென்னையிலேயே பிறந்து ழவுக்கு ய சொல்பவர்கள். ஒருத்தி அதை அலைபேசியில் எடுத்தாள். நாற்பது விநாடிப் படம். பின்னால் கொடியில் ஒரு போர்வை ஆடிக்கொண்டிருக்கும். 'நுனியச் சும்மா விட்ருங்க, நடு நாக்கத் தூக்குங்க.' ஒரே வாரத்தில் முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அதற்கு எழில் முறை என்று பெயர் வந்தது. தெருவுக்குத் தெரு முளைத்திருந்த ழகர வகுப்புகளில் அதையே நடத்தினார்கள். நுனியை மடக்கத் தெரிந்தவர்கள்கூட அதற்கு மாறினார்கள். அது எளிது. பதற்றத்தில் பிசகாது.

சிவப்பு குறைந்தது. ஐம்பத்திரண்டாம் நாள் நகரத்தின் இரண்டு லட்சம் காதுகளில் ஒன்றுகூடச் சிவப்புக் காட்டவில்லை. இரவு எட்டு மணிக்கு வெடி வெடித்தார்கள். மறுநாள் காலை குளியலறைச் சாளரத்தில் ழ கேட்டது, முன்பைவிடச் சீராக. எல்லா மாடியிலும் ஒரே ழ. ஆண் குரல், பெண் குரல், குழந்தைக் குரல் என்று பிரித்தறிய முடியவில்லை.

ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் குறையவில்லை. அது வேறு காய்ச்சல் என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போய்க் கீரையும் உளுந்தும் வாங்கிவந்தாள். வாசலில் பெயரைச் சொன்னாள். பச்சை. சமைத்தாள், சாப்பிட்டார்கள். அன்று அதிகம் பேசவில்லை. தலை வலிக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். நான்கு மணிக்கு வானம் கறுத்தது. அவள் பால்கனியில் நின்றிருந்தாள். அவன் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவள் அங்கிருந்து ஏதோ சொன்னாள். அவன் தலை நிமிராமல் 'ழ' என்றான்.

அவள் திரும்பச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

புதன் காலை அவளுக்குப் பேச்சு வரவில்லை. மருத்துவமனையில் வரிசை நீளமாக இருந்தது. இளம் மருத்துவர் அவள் அடையாள அட்டையை மேசைமேல் இருந்த பெட்டியில் வைத்து, அடுக்கக வாசல் காதில் பதிந்திருந்ததைப் பார்த்தார்.

"நேத்து மதியம் பச்சை. முந்தாநாள் பச்சை. மடக்கு இல்ல சார்."

"பேச்சே போயிடுச்சு டாக்டர்."

"மடக்குல பேச்சு போக மூணு நாள் ஆகும். ழ போகணும், ள போகணும், அப்புறம்தான். இவங்களுக்கு நேத்து ழ நல்லா இருந்திருக்கு. கேக்கறீங்களா?" அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். எழிலரசி, ஏழாம் மாடி என்றது பெட்டி. "எவ்வளவு கிளியர்! தொண்டை வீக்கம். வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க."

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வாயைத் திறந்து, நாக்கு நுனியைக் காட்டினாள். அது அசையவில்லை. மருத்துவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூச்சு திணறியது. நான்கு நாள் மூச்சுக்கருவியில் இருந்தாள். செவ்வாய் காலை அவள் இல்லை. கோவேந்தனுக்கு நோய் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தார். சுகாதாரத் துறையின் தொடர்பு விசாரணை அலுவலர். மரியபுஷ்பம் என்று அட்டையில் இருந்தது. தண்ணீர் வேண்டாம் என்றார். அலைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டு அவன் பக்கம் திருப்பினார். கொடியில் போர்வை ஆடியது.

"இவங்கதான?"

"ஆமா."

"நுனிய வச்சுச் சொன்னாத்தான் சார் காதுக்குத் தெரியும். நடு நாக்குல சொன்னா, நுனி செத்துக் கெடந்தாலும் ழ வரும். எங்களுக்கு இப்பத்தான் புரிஞ்சுது." அவர் படத்தை நிறுத்தினார். "இதுவரைக்கும் பதினோராயிரம் பேர். எல்லாரும் பச்சையோடதான் போயிருக்காங்க."

அவன் படத்தில் அசையாமல் நின்ற போர்வையைப் பார்த்தான்.

"இவங்கமேல தப்புன்னு சொல்ல வரல சார். நான் நாகர்கோவில்காரி. நானும் இதப் பாத்துத்தான் பழகினேன்." அவர் குரல் தணிந்தது. "வாசல்ல எல்லாரும் சரியாப் பேசியிருக்காங்க. அது எங்களுக்கு ஒண்ணுக்கும் உதவல. வீட்டுக்குள்ள, அவங்க போக்குல என்ன பேசினாங்கங்கிறதுதான் வேணும். எந்த எழுத்து எப்ப மாறிச்சுன்னு அதுல இருந்துதான் தெரியும்."

பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். வாசலில் இருப்பதைவிடச் சிறியது.

"அடுத்த மாசத்துல இருந்து வீட்டுக்குள்ளயும் ஒண்ணு. மாதிரிக் குரல் கிடையாது. உங்க பேச்ச உங்க பேச்சோடயே ஒப்பிடும். ஒவ்வொருத்தர் ஊருக்கும் ஏத்த மாதிரி."

"இத அவ முதல்லயே சொன்னா," என்றான் கோவேந்தன்.

"யாருகிட்ட?"

"என்கிட்ட. நான் உங்களுக்கு எழுதினேன்."

மரியபுஷ்பம் குனிந்து படிவம் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார். பெயர், வயது, பிறந்த ஊர் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் காலி.

"வீட்டுல கடைசியாப் பேசினது. ஞாபகம் இருந்தா எழுதுங்க சார்."

ஞாபகம் இருந்தது. அவன் எழுதினான். மழை வருது, துணிய எடுங்க.

அவர் படித்தார். ழவின் மேல் விரலை வைத்தார்.

"இப்படியேவா சொன்னாங்க?"

அவன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மாணவர்களின் தாளில் அடிப்பது போல ஒரே கோடாக அந்த வரியை அடித்தான். கீழே, இடம் விட்டு, மறுபடி எழுதினான்.

"மலை வருது. துணிய எடுங்க."