குரல்விளக்குக்கு ஒரு நன்றியுரை

டைட்டனில் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் கதவருகே நின்று மூச்சுமூடி, சூட்டுச்சட்டை, இறக்கைத் திருகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். முதல் இரண்டில் ஒன்றை மறந்தால் உயிர் போய்விடும். மூன்றாவதை மறந்தால் பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்து அவர்கள் வாயில் விழவேண்டும். இதில் எது மோசம் என்பது பற்றி அங்குள்ள நெய்தலூர்க் குடியிருப்பில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

சனிக்கோளின் இந்தத் துணைக்கோளில் நம் எடை ஏழில் ஒரு பங்காகிவிடும். காற்றோ பூமிக் காற்றைவிட நாலு மடங்கு கனம். ஆகவே ஒரு கூண்டு, இரண்டு இறக்கை, சைக்கிளில் இருப்பதுபோல இரண்டு மிதி இருந்தால் யாரும் பறக்கலாம். இதற்கு மிதியூர்தி என்று பெயர். எரிபொருள் வேண்டாம், முழங்கால் நன்றாக இருந்தால் போதும். அவசரக்காரர்கள் பனிக்கு அடியில் ஓடும் குழாய் ரயிலில் போய்விடுகிறார்கள். இன்னும் மிதியூர்தியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் அதன்மேல் பைத்தியம் பிடித்தவர்கள்தான். டைட்டன் முழுவதும் தேடினால் அறுபது பேர் தேறுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை அத்தனை பேரும் தத்தம் ஊரிலிருந்து மிதித்துக்கொண்டே பறந்து வந்து, நெய்தலூரில் இருக்கும் ஒரே ஒரு ஓடுபாதையில் இறங்குவார்கள். அதுதான் மிதியூர்தித் திருவிழா.

வருடம் என்றால் பூமி வருடம். சனி சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருடம் ஆகிறது. அந்தக் கணக்கில் ஆண்டு விழா வைத்தால் ஆயுளுக்கும் மூன்று பிரியாணிதான் என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து சொல்ல, பூமி வருடம் ஏகமனதாக நிறைவேறியது.

நாற்பத்தோராவது விழாவுக்கு டாக்டர் ஜெசிந்தா பர்னாந்து நெஞ்சு நிறைய ஒரு பாரத்தோடு வந்தாள். மீத்தேன் கடலுக்கு அக்கரையில் இருக்கும் குடியிருப்பின் பல் வைத்தியர் அவள். போன வருடம் இதே விழாவுக்குப் பறந்து வரும்போது நடுக்கடலில் மூடுபனி இறங்கிவிட்டது. டைட்டனில் மழைத்துளிகூட நம்மூர் போலச் சட்டென்று விழாது, ஆற அமர விழும். பனியோ வந்தால் போகவே போகாது. அந்த நேரம் பார்த்து வழிகாட்டிக் கருவியும் அணைந்துபோனது. தட்டித் தடவி அதை எழுப்பியபோது வரைபடம் கிரைபடம் ஒன்றும் இல்லை. எது மேல், எது கீழ், எது கரை என்று தெரியாமல் நாற்பது நிமிடம் மிதித்தாள். கால் துவண்டு, இனி போதும் என்று நிறுத்தப்போன சமயம் காதில் ஒரு குரல் கேட்டது.

"பயப்படாதீக. நான் இங்கனதான் நிக்கேன். மிதிங்க, மிதிங்க. வலக்கைப் பக்கம் சரியாதீக."

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வந்து கரை சேர்ந்தாள். இறங்கியதும் ஓடுபாதை ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, யார் பேசியது என்று விழா மண்டபம் முழுக்கக் கேட்டாள். கரகரத்த குரல், ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று பேர் "நான்தான்" என்றார்கள். அதில் ஒருவர் விழாச் சங்கத் தலைவர் லாம்பர்ட் மச்சாது. ஜெசிந்தா யாரையும் சந்தேகப்படவில்லை. மூன்று பேரையும் தன் ஊருக்கு வரவழைத்து, நன்றிக்கடனாகப் பல்லுக்கெல்லாம் வைத்தியம் பார்த்து அனுப்பினாள். மச்சாதுவுக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் இலவசம் என்றதும் இரண்டு பல்லை அடைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு என்ன சொல்லி வழிகாட்டினீர்கள் என்று கேட்டபோதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒருவர் "நானூறு மீட்டருக்கு ஏறச் சொன்னேன்" என்றார், ஒருவர் "ஜெபம் சொல்லச் சொன்னேன்" என்றார். "மிதிங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்த வருடம் அவள் புதுக் கருவி வாங்கியிருந்தாள். நெய்தலூர் நெருங்கும்போது, வானம் தெளிவாக இருக்கும்போதே, அதே குரல் கேட்டது.

"நெய்தலூரு இங்கன இருக்கு. காத்து மேக்கேருந்து அடிக்கி. பார்த்து வாங்க. சாப்பிட்டீகளா? நெய்தலூரு இங்கன இருக்கு."

குரல் வந்த திசையிலேயே இறங்கினாள். ஓடுபாதையின் கோடியில், உறைபனி அப்பிய ஒரு கம்பம் நின்றது. குரல்விளக்கு!

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். டைட்டன் வானம் எப்போதும் ஆரஞ்சு மங்கல், ஒளிவிளக்கு வைத்தால் நாலடிக்குத் தெரியாது. அதனால் முதலில் வந்து குடியேறியவர்கள் ஒளிக்குப் பதில் குரலை வைத்தார்கள். யாரோ ஒரு வானொலிக்காரரின் குரலைப் பதிந்து, கதிரியக்கத்தால் ஓயாமல் ஓடும் ஒரு கதிர்மின்கலத்தில் இணைத்து, யார் எந்தப் பக்கம் விலகிப் போகிறார்கள் என்று கவனித்துச் சொல்ல ஒரு சிறு மூளையும் கொடுத்தார்கள். அறுபது வருடமாக அது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்குத் 'தொணதொணப்பான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மிதியூர்தி ஓட்டப் பழகும் எவருக்கும் முதல் நாள் முதல் பாடம், தன் கருவியில் அதன் வாயை அடைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான். ஜெசிந்தாவும் இருபது வருடத்துக்கு முன்பு அடைத்தவள்தான். போன வருடம் கருவி அணைந்து எழுந்தபோது அந்த அடைப்பும் அழிந்துபோயிருந்தது. அதனால் அவள் பிழைத்தாள். புதுக் கருவியிலோ அவள் இன்னும் அதை அடைத்திருக்கவில்லை.

ஜெசிந்தா கம்பத்தின் மேலிருந்த பனியைக் கையுறையால் துடைத்தாள். "நீதானா" என்றாள். "சாப்பிட்டீகளா?" என்றது அது.

கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'தேவையற்ற இக்கருவியை அணைத்து, இதன் கதிர்மின்கலத்தை விழா மண்டப வெந்நீர்த் தொட்டிக்கு மாற்றுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. நாற்பத்தோராம் விழா முடிந்தவுடன் அமலுக்கு வரும்.'

அவள் விழுந்தடித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். மச்சாது சிறப்பு விருந்தினருக்குச் சூடேறும் பொன்னாடை போர்த்திவிட்டு, அதன் பொத்தான் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, போன வருசம் என்னைக் கூட்டிட்டு வந்தது அந்தக் குரல்விளக்கு. அதப் போய் அணைக்கப் போறீகளே!"

மச்சாதுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நொடிதான். "அப்படியா? நானும் கூடச் சேர்ந்து பேசினேன், அது உங்களுக்குக் கேட்டிருக்காது. அத விடுங்க, மேல செயற்கைக்கோள் வந்தாச்சு, வழிகாட்டி வந்தாச்சு, இந்தக் கம்பத்த யாரு கேக்கா?"

"வழிகாட்டி அணைஞ்சா?"

"டாக்டரம்மா, தீர்மானம் போட்டாச்சு. வெந்நீர்த் தொட்டி வேணும்னு அம்பது பேரு கையெழுத்துப் போட்டிருக்காவ. நீங்களும் போட்டிருக்கீக."

போட்டிருந்தாள். பிரியாணி வரிசையில் நிற்கும்போது நீட்டிய காகிதத்தில் படிக்காமல் போட்டிருந்தாள்.

"நான் எல்லாரு முன்னாடியும் ரெண்டு வார்த்தை பேசணும்."

"பேசுங்களேன், யாரு வேண்டாம்னா? நன்றியுரைக்கு இன்னும் ஆளு கிடைக்கல. உங்களுக்கு என்னென்ன சொல்லணுமோ அம்புட்டையும் நன்றியுரைல சொல்லிக்கிடுங்க."

மச்சாது விவரம் தெரிந்த மனிதர். ஒரு விஷயத்தைப் புதைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இலக்கு பார்த்து இறங்கும் போட்டி நடந்தது. பரிசு கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார், அதில் முப்பது நிமிடம் தன் மகனைப் பற்றி. கடைசியில் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அடுத்ததாக நன்றியுரை" என்றார்.

அவர் 'நன்றி' வரைக்கும்தான் சொல்லியிருப்பார். அறுபது நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஓடுபாதை ஒன்றுதானே! முதலில் கிளம்புகிறவனுக்கு வரிசை இல்லை. "கூட்டம் சேர்றதுக்குள்ள வண்டிய எடுத்துருவோம்" என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, மூச்சுமூடியை மாட்டிக்கொண்டே வாசலுக்குப் பாய்ந்தார்கள். சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு ஓடினார். அறிவிப்பாளரும் ஓடினார். ஜெசிந்தா மேடை ஏறி, "அனைவருக்கும்" என்று தொடங்கி நிமிர்ந்து பார்த்தபோது மண்டபம் காலி.

ஒரே ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய திருகுச்சாவி. ஓடுபாதை மெக்கானிக் இன்னாசி.

"நீங்க கிளம்பலையா?"

"எனக்கு இனிமேத்தான வேலை. அந்தக் கம்பத்த அணைக்கணும்லா. நீங்க பாட்டுக்குப் பேசுங்க, அவசரமில்ல. நீங்க கடைசியா 'நன்றி, வணக்கம்' சொன்னாத்தான் குறிப்பான் விழா முடிஞ்சதுன்னு பதியும். அது பதிஞ்சாத்தான் கம்பத்துப் பூட்டு திறக்கும்."

குறிப்பான் என்பது மேடை ஓரத்தில் இருக்கும் சின்ன இயந்திரம். கூட்ட நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்வது அதன் வேலை. மனிதர்கள் நம்பத்தகாதவர்கள் என்பதால் சங்கத்துப் பூட்டுகள் எல்லாம் அதன் பொறுப்பில் இருந்தன.

ஜெசிந்தா அதன் பக்கம் திரும்பினாள்.

"நான் அதச் சொல்லாட்டி?"

"சொல்லாட்டி உரை முடியலைன்னு அர்த்தம். உரை முடியலைன்னா விழா முடியல." சொல்லிவிட்டு இன்னாசி தலையைச் சொறிந்தார். "அப்படி ஒருத்தரும் சொல்லாம விட்டதில்ல டாக்டரம்மா. எல்லாருக்கும் அந்த ரெண்டு வார்த்தைதான வாய்க்கு முந்தி வரும்."

வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் கிடப்பவர்களிடம் இருபது வருடமாகப் பேசிப் பழகியவள் அவள். காலி மண்டபம் அவளுக்கு ஒரு பொருட்டா? ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டாள். சமையல்காரர்களிலிருந்து தொடங்கினாள். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர், ஓடுபாதையில் பனி சுரண்டியவர்கள் என்று ஒருவர் விடாமல் பேர் சொன்னாள். நாற்பது வருடத்தில் அந்தப் பெயர்களை யாரும் கடைசிவரை வாசித்ததே கிடையாது. பனி சுரண்டியவர்கள் பட்டியலில் தன் பெயர் வந்ததும் இன்னாசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு அவள் கம்பத்தின் கதையைச் சொன்னாள். நாற்பது நிமிடம் இருட்டில் மிதித்ததை, கால் நின்றுபோகப் பார்த்ததை, அந்தக் குரலை. "நாங்க அம்புட்டுப் பேரும் அதுக்க வாய அடைச்சு வச்சிருக்கோம். அது ஒரு நாளாவது கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்துச்சா? நான் உயிரோட நிக்கேன்னா அது போட்ட பிச்சை. எம் புள்ளைக்கு அம்மா இருக்கான்னா அதுனாலதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இன்னாசி மெல்ல எழுந்தார். "பசிக்கி டாக்டரம்மா. உரைய முடிச்சிட்டீகளா?"

"இல்ல இன்னாசி." ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்து தெளிவாகச் சொன்னாள். "மேலும்..."

அதோடு நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். குறிப்பானின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது.

இன்னாசி அவளையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க" என்று திருகுச்சாவியைப் பைக்குள் போட்டார். வாசலில் மூச்சுமூடியை மாட்டும்போது, காதுக் கருவியில் எதையோ ஒரு தட்டுத் தட்டினார். சட்டென்று சிரித்தார். "இன்னும் இல்ல தாயி, இனிமேத்தான் சாப்பிடணும்" என்று யாருக்கோ பதில் சொன்னபடி வெளியே போனார்.

இது நடந்து பதினாலு வருடம் ஆகிறது. வருடா வருடம் விழா நடக்கிறது. வருடா வருடம் "அடுத்ததாக நன்றியுரை" என்றதும் நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. ஜெசிந்தா மேடையேறி, "மேலும்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பேர் பேராக நன்றி கூறி, மறுபடியும் "மேலும்" என்று நிறுத்திவிட்டு இறங்குகிறாள். குறிப்பானின் ஏட்டில் நாற்பத்தோராம் விழா இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வெந்நீர்த் தொட்டி ஏன் வரவில்லை என்று மச்சாது கேட்கும்போதெல்லாம், "நடவடிக்கையில இருக்கு" என்கிறார் இன்னாசி. மச்சாதுவுக்கு அது பழகிய பதில், மேலே கேட்பதில்லை. உரை முடியவில்லை என்பது தெரியவேண்டுமானால் யாராவது ஒருவர் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டுமே!

ஆறாவது வருடம் மச்சாதுவே மூடுபனியில் மாட்டிக்கொண்டார். வழிகாட்டி அணைந்து எழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து முகம் வெளிறிப்போய்க் கரை சேர்ந்தார். "எல்லாம் அனுபவம்வே, அனுபவம்" என்று மண்டபத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை கம்பத்தின்மேல் ஒரு சூடேறும் பொன்னாடை போர்த்தியிருந்தது, பொத்தான் சரியாக அழுத்தப்பட்டு. யார் போர்த்தியது என்று ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். "நான்தான்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே, நன்றியுரை என்ற சொல் காதில் விழுந்ததும் வண்டிச் சாவியைத் தேடும் நம் பழக்கத்தை யாராவது பழித்தால் வருந்தாதீர்கள். நூற்றிருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலும் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். அங்கே அது அறுபது உயிர்களைக் காத்து வருகிறது. கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லாமலே ஒருத்தி தன் நன்றியைச் செலுத்திவருகிறாள். வெளியே, பனி அப்பிய கம்பம் கேட்பாரற்ற காற்றிடம் பேசிக்கொண்டேயிருக்கிறது.

"பார்த்து வாங்க. நான் இங்கனதான் நிக்கேன்."