கச்சான் கொண்டு போயிட்டு

சுல்பிகாவின் வாசலில் ஓட்டோவை நிறுத்தி இறங்கிய நிப்றாஸ், கண்ணுக்குள் போன மணலைச் சாரன் தலைப்பால் துடைத்தான். "இந்தக் கச்சானோட மனிசன் சீவிக்கேலா" என்று ஒரு ஏச்சும் ஏசினான். பிறகுதான் பின்சீற்றில் இருந்த பெண்ணை இறங்கச் சொன்னான். 

"ராத்தா! பெரிய கேஸ் ஒண்டு!"

வாசல் திண்ணையில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சுல்பிகா கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சிங்களத்தைத் தமிழிலும் தமிழைச் சிங்களத்திலும் பெயர்த்துச் சொல்லி ஓய்வு பெற்றவர். ஊரில் ஆடு காணாமற் போனாலும் காணி உறுதி காணாமற் போனாலும் ஆட்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். ஏற்றி வருவது நிப்றாஸ். நாற்பது வயதாகியும் கள்ளனைப் பிடிக்கிற ஆசை அவனுக்குத் தீரவில்லை. இன்றைக்குப் பிடித்தும் விட்டான் என்ற பெருமை அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

பெண்ணின் பெயர் றுஸ்தா. மாத்தளைக்காரி. பள்ளிக்கூட விடுமுறைக்கு ஆறு வயது மகள் அப்ராவைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கரை பார்க்க வந்தவள். கல்முனைக்குத் தெற்கே கடற்கரைப் பக்கமாகக் கூடும் வாரச் சந்தையை யாரோ கைப்பேசியில் காட்டியிருக்கிறார்கள். பன்பாயும் கருவாடும் கைத்தறிச் சாரனும் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறாள்.

"ஒண்டேகாலுக்குப் பாய் பார்த்துக்கொண்டு நிண்டன். பக்கத்துலதான் பிள்ளை பந்தோட விளையாடிக்கொண்டு நிண்டா. திரும்பிப் பார்த்தா இல்ல. இப்ப ரெண்டரை ஆகுது. கலியாணம் முடிச்சு ஒம்பது வருஷத்துக்குப் பொறகு கிடைச்ச பிள்ளை, ராத்தா. ஒரே பிள்ளை." அவள் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள்.

"ஆள் பிடிபட்டிட்டான் ராத்தா" என்றான் நிப்றாஸ். "சப்ரி எண்டு ஒரு கச்சான்காரன். தள்ளுவண்டியோட மெயின் வீதிக்குத் தப்பி ஓடப் போனவன். நான்தான் சேட்டுக் கொலரில பிடிச்ச. நாலு குடுத்தும் வாயத் திறக்கிறான் இல்ல. பொலிசுக்குச் சொல்லியிருக்கு. நீங்க வந்து கதைச்சா உண்மையைக் கக்கிருவான்."

சுல்பிகா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

சந்தையில் வியாபாரம் நின்றுபோயிருந்தது. கடைகளுக்கு மேலே கட்டியிருந்த படங்குகள் கடல் பக்கமாகப் புடைத்து அடித்துக்கொண்டிருந்தன. ஆம்பிளைகளில் பாதிப் பேர் மெயின் வீதியிலும் அதற்கு அங்கால் வயல் பக்கமும் பிள்ளையைத் தேடிப் போயிருந்தார்கள். மீதிப் பேர் சப்ரியைச் சுற்றி நின்றார்கள். கொட்டகைத் தூணில் கட்டப்பட்டிருந்த சப்ரியின் உதடு வெடித்திருந்தது. வண்டி குடை சாய்ந்து கிடந்தது. வறுத்த கச்சான் கடலை மணலில் கொட்டிக் கிடந்தது.

"அல்லாமேல ஆணை, நான் பிள்ளையைக் காணல்ல" என்றான் அவன், சுல்பிகா கேட்பதற்கு முன்பே. "பஸ் வார நேரம். ஹோல்ட்டில நாலு பொட்டலம் விக்கலாம் எண்டு போன."

சுல்பிகா அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. றுஸ்தாவின் பக்கம் திரும்பினார்.

"இவர் கொண்டு போனதை நீங்க கண்டீங்களா?"

"இல்ல. பாய்க்கடைக்குப் பக்கத்துல வெத்திலை வித்த ஒரு பெரியவர்தான் சொன்னாரு. கச்சான்காரன் கொண்டு போயிட்டான் எண்டு."

"ஸைனுலாப்தீன் காக்கா" என்று நிப்றாஸ் இடையில் புகுந்தான். "பாலமுனையாள். ஒண்டரை பஸ்ஸில போயிட்டார். அவருக்கிட்டப் போனும் இல்ல."

"அவர் உங்களுக்குச் சொல்லக்குள்ள என்ன செய்துகொண்டிருந்தார்?"

"தலையில சாக்கு மூட்டை. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாரு. ஓடிக்கொண்டேதான் சொன்னாரு."

சுல்பிகா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தார். "மகள், கோட்டில நான் சாட்சிக்காரருக்கு ஒண்டுதான் சொல்ற. உங்களுக்கு விளங்கினதை எனக்குச் சொல்லாதீங்க. காதில விழுந்ததைச் சொல்லுங்க. அவர்ட வாயால வந்த சொல்லு, ஒரு எழுத்தும் மாத்தாம."

றுஸ்தா கண்ணை மூடினாள். ஒரு பிள்ளையின் உயிர் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறதோ, இவர் இலக்கணம் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று நிப்றாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"'கச்சான் கொண்டு போயிட்டு மகள், பிள்ளையும் பின்னால போயிட்டு.' இவ்வளவுதான்."

"கச்சான்காரன் எண்டு சொல்லல்லயா?"

"இல்ல... கச்சான் எண்டுதான். நான்தான்..."

"'போயிட்டான்' எண்டும் சொல்லல்ல. 'போயிட்டு' எண்டார்." சுல்பிகா கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு ஆம்பிளையைப் பற்றி நம்மட ஆக்கள் 'போயிட்டு' எண்டு கதைப்பாங்களா? மறுகா இன்னொண்டு. பிள்ளை பின்னால போனதெண்டா, கொண்டு போனது பிள்ளையை இல்ல. வேற எதையோ. பிள்ளைட கையில என்ன இருந்த?"

"பந்து" என்றாள் றுஸ்தா. "காத்து ஊதின பெரிய பந்து. இங்கதான் வாங்கிக் குடுத்தன்."

"இவர்ட வண்டியில பந்து கிடந்ததா, நிப்றாஸ்?"

"இல்ல ராத்தா. கிளறிப் பார்த்தம்."

"நீ என்ட வாசல்ல வந்து இறங்கி முதல்ல என்ன சொன்ன?"

"கேஸ் ஒண்டு..."

"அதுக்கு முதல்."

நிப்றாஸ் வாயைத் திறந்தான். "இந்தக் கச்சானோட..." தலைக்கு மேலே படங்கு படபடவென்று அடித்தது. மேலே பார்த்தான். வயல் பக்கமிருந்து கடல் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த மூணு மாசமும் மேற்கால அடிக்கிற காத்துக்கு என்ன பேரு?" என்று சுல்பிகா கேட்டார். "மாத்தளையில கச்சான் எண்டா தின்னுற சாமான் மட்டும்தான். இங்க காத்துக்கும் அதுதான் பேரு. ஸைனுலாப்தீன் காக்கா வெத்திலை விக்க வர முதல் கடல் தொழில் செய்த மனிசன். பந்தைக் காத்து கொண்டு போயிட்டு, பிள்ளை பந்துக்குப் பின்னால போயிட்டு. அதைத்தான் சொல்லிருக்கார். நீங்க எல்லாரும் காத்து வார பக்கம் தேடுறீங்க. பிள்ளை காத்து போற பக்கம் போயிருக்கு."

காற்று போகிற பக்கம் கிழக்கே ஒரேயொரு ஒழுங்கைதான் இருந்தது. அது தோணாவில் போய் முடிகிறது. மாரியில் வெள்ளத்தைக் கடலுக்குள் தள்ளும் அகன்ற வாய்க்கால் அது. கோடையில் அதன் வாயை மணல் மூடிவிடும். ஆனால் தண்ணீர் வற்றாது. ஆள் ஆழம் நிற்கும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோணா நினைவுக்கு வந்திருந்தது. சுல்பிகா குனிந்து சப்ரியின் கட்டைத் தானே அவிழ்த்தார். அதற்குள் நிப்றாஸ் ஓடத் தொடங்கியிருந்தான். யா அல்லா, ஒண்டரை மணித்தியாலம், ஒண்டரை மணித்தியாலம் என்று அவன் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே வந்தது.

ஒழுங்கையின் முடிவில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. பின்னால் ஓடி வந்த றுஸ்தா அதைக் கண்டதும் முழங்காலில் விழுந்தாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை நிப்றாஸால் கேட்டுத் தாங்க முடியவில்லை.

கரையில் தோணி கட்டுகிற முளை ஒன்று நின்றது. அதில் தோணி இல்லை. நிப்றாஸ் காற்று போகிற பக்கமே பார்த்தான். தூரத்தில், கடலுக்கு முன்னால் மணல் மூடிய வாயில், சின்னத் தோணி ஒன்று சரிந்து கிடந்தது. அதற்கப்பால் மணலில் சிவப்பாக ஒரு பந்து.

அவன் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, நடக்க முடியாத இடத்தில் நீந்தி, தோணியின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். வெயிலுக்குப் பயந்து குறுக்குப் பலகைக்குக் கீழே சுருண்டு படுத்திருந்தாள் அப்ரா. பந்தை எட்டிப் பிடிக்கத் தோணியில் ஏறியிருக்கிறாள், கயிறு கழன்றிருக்கிறது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. அவள் அவனைப் பார்த்து வாயை அசைத்தாள். காற்றுத்தான் வந்தது.

"ஒண்டுமில்ல மகள்" என்றான் நிப்றாஸ். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அவனுக்கும் அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதான்.

அவர்கள் சந்தைக்கு வந்தபோது பொலிசும் வந்திருந்தது. சப்ரி யாரைப் பற்றியும் முறைப்பாடு சொல்லவில்லையாம். குந்தியிருந்து மணலில் கிடந்த கச்சானைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். றுஸ்தா பிள்ளையோடு அவன் முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சிருங்க காக்கா. என்ட வாயால வந்த வினை" என்றாள்.

"பிள்ளை கிடைச்சிட்டுத்தானே. அது போதும்" என்றான் சப்ரி. வண்டியின் அடியில் கொட்டாமல் மிஞ்சியிருந்த கச்சானில் ஒரு பிடியை அள்ளிப் பிள்ளையின் கையில் வைத்தான். அப்ரா அதை வாங்கிக்கொண்டாள்.

நிப்றாஸும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். என்ன சொல்வதென்று ஒழுங்கை முழுக்க யோசித்து வைத்திருந்தான். வெளியூர்ப் பெண் பதறிப்போய்ச் சொன்னாள், நாங்கள் நம்பிவிட்டோம் என்று சொல்லியும் விட்டான்.

சப்ரி வெடித்த உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பிள்ளைட உம்மா மாத்தளை. அவக்குக் கச்சான் எண்டா காத்தெண்டு தெரியா. பெரியவர் சொன்ன சொல்லைக் கேட்டிருந்தா உங்களுக்கு விளங்கியிருக்கும். நீங்க இந்த ஊராள்தானே, காக்கா?"

சுல்பிகா ராத்தா ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவார் என்று நிப்றாஸ் திரும்பிப் பார்த்தான். அவர் அப்ராவின் தலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அவன் ஈரச் சாரனோடு மணலில் குந்தி, சப்ரிக்குப் பக்கத்தில், கச்சானை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான்.