வாசலில் கழற்றிய பூட்ஸ்

பூட்ஸுக்குள் காலை விட்டதும் வார்டன் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது.

ராத்திரி முழுவதும் வெளியே கிடந்த பூட்ஸ் அது. வாசல் தூணில் மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் பதினான்கு காட்டியது. படியோரம் மறந்து வைத்த தண்ணீர் பாட்டில் கல்லாக உறைந்திருந்தது. பூட்ஸுக்குள் மட்டும், யாரோ இப்போதுதான் காலை உருவிக்கொண்டு போன மாதிரி இளஞ்சூடும், கொஞ்சம் ஈரமும், மக்கிய இலை வாடையும். கயிறும் அவள் கட்டுகிற விதத்தில் இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தது. தங்கையின் குறும்பு என்று நினைத்து, திட்டிக்கொண்டே அதை அவிழ்த்துவிட்டுத்தான் அவள் காலை நுழைத்தாள்.

வார்டன் என்பது மேப்பு வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் வைத்திருப்பாள் என்பதால் அவளுக்கு அது; கையில் வரைபடம் இருந்தும் வழி தவறிவிடுவான் என்பதால் அவனுக்கு மேப்பு. இரண்டு பேருக்கும் வெளிநாட்டில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வகுப்பு. மூன்றாவது ஆள் வாலு, வார்டனுடைய சித்தி பெண். அதே இடத்தில் படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பனி பார்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். எல்லை தாண்டி வேறொரு நாட்டில், உறைந்துபோன ஏரிக்கரையில் ஒரு மரவீட்டை வார இறுதிக்கு எடுத்திருந்தார்கள். சித்திக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"நீ கூட இருக்கேங்கிற தைரியத்துலதான் சரிங்கிறேன். கூட்டிட்டுப் போற மாதிரியே கூட்டிட்டு வந்துடும்மா" என்று போனில் சொல்லியிருந்தாள். வார்டன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்காரம்மா நேரில் வரவில்லை. சாவியை ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், இருட்டிய பிறகு காலணி எதையும் வெளியே விடாதீர்கள் என்றிருந்தது. காரணம் ஒன்றும் இல்லை.

"நனைஞ்சுடும்னு சொல்றாங்க போல" என்றான் மேப்பு.

"நனைஞ்சா நனையட்டும். செருப்புக் காலோட யாரும் வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று வார்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மூன்று ஜோடியையும் வாசலில் வரிசையாக வைத்ததும் அவள்தான்.

இப்போது அந்த வாசலிலிருந்து பனியில் ஒரு தடம் போயிருந்தது. இடது குதிகாலில் ஒரு துண்டு பெயர்ந்த தடம். அவளுடைய பூட்ஸின் தடம்தான். அது படியிறங்கி, சுவரை ஒட்டியே வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், வாலு படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு அடியில் நின்றிருந்தது. அங்கே பனி அழுந்தி, உருகி, மறுபடி கண்ணாடியாக உறைந்திருந்தது. ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பியிருந்தது. வார்டன் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். அவள் கால் கணுக்கால்வரை புதைந்தது. அந்தத் தடம் முழங்கால் ஆழம் இருந்தது.

"ராத்திரி என் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வெளிய போனியா?" என்று மேப்புவிடம் கேட்டாள்.

"உன் பூட்ஸுக்குள்ள என் கட்டைவிரல்கூடப் போகாது வார்டனம்மா" என்றான் அவன், முட்டையைப் புரட்டிப் போட்டபடி.

அவன் சொன்னது நியாயம்தான். வாலுவிடம் அவள் மூச்சுகூட விடவில்லை. சிறுசு பயந்துவிடும், பயந்தால் அம்மாவுக்குப் போன் போடும். நாளைக் காலையில் கிளம்பிவிடப் போகிறோம், ஒரு ராத்திரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சட்டத்தை மட்டும் மாற்றினாள். இனிமேல் எல்லாருடைய பூட்ஸும் உள்ளே வர வேண்டும்.

பகல் முழுக்க ஏரியில் கழிந்தது. வாலு சறுக்கினாள், விழுந்தாள், சிரித்தாள், நூறு படம் எடுத்தாள். மேப்பு உறைந்த ஏரியிலும் வழி தவறி எதிர்க்கரைக்குப் போய்விட்டு வந்தான். வார்டனுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. காலடியில் பனிக்கட்டி அவ்வப்போது நீளமாக முனகியது. ஒவ்வொரு தடவையும் அவள் தங்கை எங்கே என்று தேடினாள்.

மூன்றரைக்கே சூரியன் காணாமல் போனது. பாத்ரூம் அவசரம் என்று வாலு சாவியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். அவளுடைய சிவப்புக் கம்பளிச் சட்டை வீட்டுக்குப் பின்னால் விறகுக் குவியல் பக்கம் திரும்பி மறைந்தது. இவர்கள் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

உள்ளே வாலு கணப்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலில் பூட்ஸ்.

"என்னடி, பூட்ஸோட உட்கார்ந்திருக்கே?"

"நீதானே உள்ள கொண்டுவரச் சொன்னே."

"கையில கொண்டுவரச் சொன்னேன்."

"குளிருதுக்கா. விறகுகிட்ட வழுக்கி விழுந்துட்டேன்."

திரும்பிப் பார்க்காமலே பேசினாள். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளையே வாசலில் செருப்பைக் கழற்ற வைத்தவள் இவள். நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிறவள். இப்போது நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பாக இருக்கும் என்று வார்டன் நினைத்துக்கொண்டாள்.

அடுப்பில் விறகு தீர்ந்திருந்தது. மேப்பு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். வார்டனே வெறுங்காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் கும்மிருட்டு. காற்று நின்றுவிட்டிருந்தது. சத்தம் என்று இருந்ததெல்லாம் அவள் காலடியில் பனி நொறுங்குகிற சத்தமும், வீட்டுக்குள் கத்தி பலகையில் தட்டுகிற சத்தமும்தான். வீட்டின் மூலையைத் திரும்பியதும் அந்தக் கத்திச் சத்தமும் நின்றது.

விறகுக் குவியலருகே போன் வெளிச்சத்தைக் காட்டினாள். பனி கலைந்து கிடந்தது. விழுந்து புரண்ட இடம். அதுவரை வந்த வாலுவின் பூட்ஸ் தடம் அங்கிருந்து வாசல் பக்கம் போயிருந்தது.

இன்னொரு தடமும் இருந்தது.

வெறுங்கால். சின்னக் கால். ஐந்து விரலும் பதிந்திருந்தன. அது ஏரிப் பக்கம் போயிருந்தது.

வார்டன் மெல்ல ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே வாலு போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கண்ணாடி வழியாக சித்தியின் குரல் கசிந்தது. "அக்கா எங்கடி?"

"விறகு எடுக்கப் போயிருக்காம்மா."

குரல் சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக. காலில் இன்னும் பூட்ஸ்.

அப்போதுதான் ஏரிப் பக்கமிருந்து வந்தது.

"அக்கா."

மெலிந்த குரல். அழுகிற குரல்.

"அக்கா, உள்ள இருக்கிறவ என் பூட்ஸை எடுத்துக்கிட்டா. கால் விறைக்குது."

வார்டன் யோசிக்கவில்லை. ஓடினாள். சித்தி சொன்ன வார்த்தை காதில் அடித்தது. கூட்டிட்டுப் போற மாதிரியே. கூட்டிட்டுப் போற மாதிரியே. போன் கை நழுவிப் பனியில் விழுந்து அணைந்தது. எடுக்க நிற்கவில்லை. கரையோரம் ஒரு சிறிய உருவம் குந்தியிருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலைமுடி முகத்தில் விழ. சிவப்பா கறுப்பா தெரியவில்லை, ஆனால் கம்பளிச் சட்டை.

"வந்துட்டேன்டி. அழாதே. இந்தா, என்னோடதைப் போட்டுக்கோ."

மண்டியிட்டாள். தன் பூட்ஸைப் பிய்த்து எடுத்தாள். ஒரு காலில் மாட்டினாள். மறுகாலைக் கையில் பிடித்து மாட்டினாள்.

கால் கதகதப்பாக இருந்தது.

பனியில் இத்தனை நேரம் நின்ற வெறுங்கால். இளஞ்சூடு. கொஞ்சம் ஈரம். மக்கிய இலை வாடை.

வார்டனின் கை அப்படியே நின்றது. மேலிருந்து இரண்டு கைகள் இறங்கி வந்தன. கயிற்றை எடுத்தன. கணுக்காலை ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. பின்பக்கம் ஒரு முடிச்சு.

அது எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. சரியாக அவள் உயரம் வந்ததும் நின்றது. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தது. அவள் ஓடிவந்த தடத்தின் மேலேயே காலை வைத்து வைத்து நடந்தது. ஒவ்வொரு தடமும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது.

அவளும் ஓடப் பார்த்தாள். உள்ளங்கால்கள் கரையோரப் பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டுவிட்டன. இழுத்தாள். தோல் வலித்தது. பிறகு வலிக்கவும் இல்லை.

கதவு தட்டும் சத்தம்.

"வாலு, கதவைத் திறடி. குளிருது."

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவள் குரல் வாசலில் பேசிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் வாலு நின்றாள். வெறுங்காலுடன் நின்றாள். கையில் தன் பூட்ஸைப் பிடித்திருந்தாள்.

"திட்டாதேக்கா, கழட்டிட்டேன். அம்மா லைன்ல இருக்காங்க, உன்னைத்தான் கேட்கறாங்க." பிறகு குனிந்து பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, நீயே பூட்ஸோட உள்ள வர்றே?"

"நான்தானே சொன்னேன்" என்றது வார்டனின் குரல். "இனிமே எல்லாம் உள்ளதான்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் வாசல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கே ஒரு செருப்புகூட இல்லை.