மூன்றாவது குப்பி

மூன்றாவது குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற இரண்டும் ஏசிக் குளிரில் சில்லிட்டுக் கிடக்க, சுவரில் இருந்த சின்னக் கதவு வழியாகப் பக்கத்து அறையிலிருந்து கணவன் தள்ளிவிட்ட இது மட்டும், யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததைப் போல இருந்தது.

ஐந்தாறு கல்லூரிகளும் சில கம்பெனிகளும் சேர்ந்து பயன்படுத்தும் ஆய்வுக்கூடம் அது. மருந்தைச் சுமக்க, பேட்டரிக்குள் அடைக்க என்று ஆளுக்கொரு பொடி கேட்பார்கள். கணவன் செய்து தருவான்; அவள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்து அளந்து படமெடுப்பாள். "செய்யறது அவரு, பொடி வச்சுப் பேசறது நீங்க" என்று வாசலில் பதிவேடு பார்ப்பவர் தினமும் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

குப்பியில் லேபிள் இல்லை. இன்டர்காமை அழுத்தினாள்.

"என்னங்க, மூணாவது யாரோட சாம்பிள்?"

பம்பின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்:

"என்னோடதுதான்."

"விளையாடாதீங்க. நாலு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்."



மூடியைத் திறந்தபோது எழுந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆனால் எங்கே முகர்ந்தது என்று பிடிபடாமல், அதை யோசித்தபடியே பொடியைத் தட்டில் ஒட்டி, கருவிக்குள் தள்ளி, காற்று முழுதும் உறிஞ்சப்படும் வரை அந்த நீண்ட முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் படம் தெளிந்த அதே கணத்தில் வாசனையும் பிடிபட்டது.

அவன் தலையணை.

உருண்டை உருண்டையாகத் துகள்கள். ஒன்றைப் பெரிதாக்கினாள். மேலெல்லாம் வரிகள். வளைந்து, சுழன்று, நடுவில் ஒடுங்கும் வரிகள். விரல் ரேகை. குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. போன வருடம் டின் மூடி கிழித்து, அவன் கட்டைவிரலில் நாலு தையல் போட்டபோது இவள்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த துகள். அதே வெட்டு.

அடுத்தது. அதே.

ஓடினாள். பக்கத்து அறைக்கு இரண்டு கதவுகள். முதலாவது சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் நின்ற அந்த அரை நிமிடமும் இரண்டாவது கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

திறந்தது.

அவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். வெள்ளை அங்கி, தலையை மூடிய தொப்பி. கைகள் முழங்கை வரை மூடிய கண்ணாடிப் பெட்டியோடு பொருத்திய கறுப்பு ரப்பர் கையுறைகளுக்குள். உள்ளே விரல்கள் நிதானமாக ஒரு மூடியைத் திருகிக்கொண்டிருந்தன.

"என்னங்க..."

தோளைத் தொட்டாள். துணி அமுங்கியது. அங்கி அப்படியே சரிந்து அவள் காலடியில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

பெட்டிக்குள் விரல்கள் நிற்கவில்லை.

"கொஞ்சம் இரும்மா," என்றது சுவரிலிருந்த இன்டர்காம். "இப்பதான் பாதி ஆகியிருக்கு."

 உள்ளே பார்க்கக் குனிந்து கண்ணாடியில் கையை ஊன்றினாள். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஐந்து விரல்களின் தடம் வெள்ளைப் பொடியாக அங்கே பதிந்திருந்தது.

கண்ணாடிக்கு உட்புறத்தில்.

தன் விரல்நுனிகளைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தன. ஒரு வரிகூட இல்லை.

உள்ளே ஒரு கறுப்புக் கை காலிக் குப்பி ஒன்றை எடுத்தது. இன்னொன்று சின்னத் தூரிகையால், ஒரு துகளும் சிந்தாமல், அவள் தடத்தை அதற்குள் வழித்துவிடத் தொடங்கியது.