எடுக்காத சிரிப்பு

எண்பத்திரண்டு, சித்திரை மாதம். திருமானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொள்ளிடக்கரையில் இருந்த அந்தப் பழைய பங்களாவுக்குள் வீரமுத்து நுழைந்தபோது காலை பத்து மணி. நாடக நடிகனுக்கு இதுதான் முதல் சினிமா; வேடம் என்னவோ பிணம். செத்துப்போன மந்திரி பாடையிலிருந்து எழுந்து ஓட்டுக் கேட்கிறார், அதுதான் கதை. நாற்காலியை விட மனசில்லாத மந்திரிக்குச் சாவெல்லாம் ஒரு பொருட்டா?

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ராத்திரி வேண்டுமென்று ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பூமாலையும் ஊதுபத்தியும் வௌவால் நாற்றமும் சேர்ந்து நெஞ்சை அடைத்தன.

"நான் எங்கயும் போவல! உங்க கூடவேதான் இருப்பேன்!"

பாடையில் எழுந்து உட்கார்ந்து வீரமுத்து கும்பிட்டான். ஒப்பாரி வைக்க வந்த பெண்களே சிரித்துவிட்டார்கள்.

"கட்!" என்றார் டைரக்டர் அரங்கநாதன்.

"சார், சிரிப்பு ஷாட்ட எடுத்துடுங்க. நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும். நாளைக்கு மீன்சுருட்டில தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானங்க குத்தணும்?"

பிணமாக நடித்தவனைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து ஒரு துண்டு எடுப்பார்கள். படத்தில் அது சேராது. ஆனால் அதை எடுக்காவிட்டால் நடித்த சாவு ஒட்டிக்கொள்ளும் என்று எவனும் வீட்டுக்குப் போகமாட்டான்.

அரங்கநாதன் கேமராமேன் தர்மனின் காதருகே குனிந்தார். "இருக்கிறதே அம்பது அடி பிலிம். சும்மா ஓட்டுங்க."

வீரமுத்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். கேமரா ஓடியது. ஆனால் காலையிலிருந்து கேட்ட சத்தம் இல்லை. காலிப் பெட்டியின் கடகடப்பு.

"தர்மன் சார், பிலிம் போட்டீங்களா?"

தர்மன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீரமுத்து பாடையை விட்டுக் குதித்தான். பஸ்ஸாவது கிடைக்கட்டும் என்று வாசலுக்கு ஓடித் துணியை விலக்கினான்.

பின்னால் இன்னொரு துணி.

அதையும் விலக்கினான்.

இன்னொன்று.

"வீரமுத்து எங்கய்யா?" என்று டைரக்டரின் குரல் தூரத்தில் கேட்டது.

"பஸ்ஸுக்கு ஓடிட்டான் போலருக்கு சார்."

வெளியே படப்பிடிப்பு வேன் கிளம்பியது. வீரமுத்து தொண்டை கிழியக் கத்தினான். துணி வாயில் வந்து ஒட்டியது. எல்லோரும் போன பிறகும் இருட்டுக்குள் ஒப்பாரி மட்டும் ஓயவில்லை.

எத்தனை துணி, எத்தனை நாள், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு துணி வெள்ளையாக வந்தது. அதன் வழியே வெளிச்சம், பீடிப்புகை, மணலில் உட்கார்ந்த கூட்டம். மீன்சுருட்டி டென்ட் சினிமாக் கொட்டகை! முன்னால் தங்கை லீலாவதி, மடியில் குழந்தை. காது இன்னும் குத்தவில்லை. அண்ணன் வரட்டும் என்று காத்திருக்கிறாள் பாவி மகள்.

"லீலா! என்னைய வெளிய இழுத்து விடு தாயி!" துணியை இரண்டு கையாலும் அறைந்தான்.

கொட்டகையே வயிறு குலுங்கச் சிரித்தது. "மந்திரி போவ மாட்டேங்குறாருடா!" என்று எவனோ விசிலடித்தான்.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. லீலாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தோளில் கிடந்த குழந்தை வெறும் திரையைக் காட்டியது.

"அம்மா, மாமா வரல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காற்றே இல்லை. திரையில் இரண்டு உள்ளங்கைகள் மட்டும் புடைத்து நின்றன.