அழித்ததைவிட அதிகம்

அவள் அழித்ததைவிட அதிகமான படங்களை அந்த மென்பொருள் கண்டுபிடித்திருந்தது.

முதலில் அதை அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டாள். மதியத்திலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு அதிகம் கிடைத்தால் கசக்கவா செய்யும்? கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பது அவள் தொழில். ஆல்பம் கைமாறியதும் அந்த வீட்டு ஃபோல்டரை ஒரேயடியாக அழித்துவிடுவது கைப்பழக்கம். லேப்டாப் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். கண் அதைப் படிப்பதற்குள் விரல் 'ஆம்' சொல்லிவிடும். இன்று அந்த விரல் அழித்தது மகளின் ஃபோல்டரை. பிறந்த அன்றிலிருந்து ஆறு வயது வரை குட்டியின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஊரார் கல்யாணத்துக்கு இரண்டு பிரதி வைப்பவள் சொந்த மகளுக்கு ஒன்றோடு நிறுத்தியிருந்தாள். வெளியூர் போயிருக்கும் கணவனிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"பதறாதீங்கக்கா," என்றார் போனில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர். "அழிச்சா உடனே போயிடாது. மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும் அங்கயேதான் கிடக்கும். ஆனா மீட்குறத அதே டிஸ்க்குல மட்டும் சேவ் பண்ணாதீங்க. ஒண்ண எடுக்கப்போயி இன்னொண்ணுக்கு மேல எழுதிடும்."

"எந்த சாஃப்ட்வேர் தம்பி நல்லது?"

"காசு கேக்குறவனக்கூட நம்பலாம்க்கா. ஒண்ணுமே கேக்காதவன்கிட்டதான் உஷாரா இருக்கணும்."

முதல் மென்பொருள் படங்களின் பெயரை மட்டும் காட்டிவிட்டுக் கையை விரித்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை, படங்களையே காட்டியது. ஆனால் எல்லாம் அரைகுறை. மேல் பாதியில் குட்டியின் முகம், கீழ்ப் பாதியில் மொட்டைச் சாம்பல் நிறம். இதற்குக் காசு வேறு கேட்டது. மூன்றாவதுக்குச் செய்தவர் பெயர் இல்லை, விலை இல்லை. பெயர் கேட்கவில்லை, மின்னஞ்சல் கேட்கவில்லை. திறந்ததும் தானாகவே தேட ஆரம்பித்தது. ரிப்பேர்க்காரர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் தலைவலியில் துடிப்பவள் மாத்திரையின் பூர்வீகத்தையா விசாரிப்பாள்?

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, ஜன்னல் வழியாக ஈரச் சுவரின் வாசனை வந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் குட்டி ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். கயிறு தரையில் பட்டு எழும் சத்தம், பின்னாலேயே இரண்டு பிஞ்சுப் பாதங்கள் விழும் சத்தம், மறுபடி கயிறு, மறுபடி பாதங்கள் என்று வீடு முழுக்க அந்தத் தாளம் ஓடியது. அதைக் கேட்டபடியே படங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

எல்லாம் முழுசாக இருந்தன. தவழும் குட்டி, தொப்பி போட்ட குட்டி, முன்பல் விழுந்து சிரிக்கும் குட்டி. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அப்புறம்தான் ஒரு படத்தின் ஓரத்தில் அந்தக் கையைப் பார்த்தாள். சின்னக் கை. தொட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும். இல்லை, அப்போது பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வேறு யாருடைய படத்தையாவது கலந்து ஒட்டுகிறதா இந்த மென்பொருள்? சந்தேகத்தோடு அடுத்ததைத் திறந்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை. அடுத்ததில் திரைச்சீலைக்கு முன்னால். வயது ஏற ஏற அதுவும் வளர்ந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி நெருங்கியது. போன மாதம் எடுத்த படத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். குட்டி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

மற்றவள் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவை எல்லாவற்றையும் எடுத்தது அவள்தான். எடுக்கும்போது குட்டி மட்டும்தான் இருந்தாள். சத்தியமாக.

கூடத்தில் கயிறு விழுந்தது. பின்னாலேயே பாதங்கள்.

இரண்டு அல்ல. நான்கு.

"குட்டி?"

"விளையாடுறோம்மா!"

றோம்.

போதும் இந்தச் சனியன் என்று மென்பொருளை மூடும் குறியை அழுத்தினாள். திரை நடுவில் ஒரு பெட்டி எழுந்தது. அதுவரை எதுவுமே கேட்காத அது முதல்முறையாகக் கேட்டது. கண் படிப்பதற்குள் விரல் 'ஆம்' சொல்லிவிட்டது.

அப்புறம்தான் படித்தாள். 'இவளை மீட்கவா? நிச்சயமாகவா?'

எங்கே சேமிப்பது என்று அது கேட்கவே இல்லை. அதே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்தது. பச்சைக் கோடு நகர்ந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். பேட்டரியில் ஓடியது. திரையில் போன மாதப் படம். அந்தப் பெண் பளிச்சென்று முழுசாகத் தெரிந்தாள். குட்டியின் பாதம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம். பிறகு முழங்கால். பிறகு இடுப்பு.

ஒண்ணுக்கு மேல இன்னொண்ணு.

கூடத்தில் பாதங்களின் சத்தம் குறைந்தது. இரண்டு. இரண்டே.

நாற்காலி கவிழ எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள்.

குட்டியின் மஞ்சள் கவுனில் அந்தப் பெண் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"நான் வந்துட்டேன்மா."

அவளுக்குப் பின்னால், சுவரோரம், குட்டி நின்றாள். நின்றாளா? கழுத்துக்குக் கீழே கவுன் இல்லை, கை இல்லை, கால் இல்லை. வழவழப்பான சாம்பல் நிறம் மட்டும். அது மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அம்மா என்று கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் வாய்வரை வந்துவிட்டது. அதற்கு மேலே இரண்டு கண்கள், அம்மாவையே பார்த்தபடி, இன்னும் இருந்தன.