வாசல் மாறி ஏறியவன்

'ணங்!'

உச்சிமாடிக்கு ஏறும் படியில் யாரோ தலையை இடித்துக்கொண்ட சத்தம். ரோஜினா உளுந்து மாவு அப்பிய கையோடு நிமிர்ந்தாள். இந்த வீட்டில் பிறந்தவர்கள் யாரும் அந்த உத்தரத்தில் இடித்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் அந்த இடத்தில் தானாகக் குனிந்துவிடுவார்கள். அப்படியென்றால்... வருவது யார்?

கதவு திறந்தது. தொப்பலாக நனைந்த ஓர் ஆள். ஒரு கையில் பை, இன்னொரு கை நெற்றியில், காலில்... அடக் கடவுளே, ஷூ!

நேபாளத்து லலித்பூரில், ஒரு நேவார் குலத்தார் வீட்டு உச்சிமாடிச் சமையலறையில், சாமி மாடத்துக்கு நேரெதிரே, முன்பின் தெரியாத ஒருவன் ஷூவோடு நிற்கிறான். ரோஜினாவுக்கு வாயடைத்துப் போயிற்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாளெல்லாம் அதட்டுகிற வாய் அது. லேசில் அடைக்காது.

"யாருய்யா நீ? எங்கே வந்து நிக்கறே?"

"நீங்க யாருங்க? என் ரூம்ல உட்கார்ந்து மாவாட்டறீங்க?"

"உங்க ரூமா?"

"ஆமா. காலையிலதான் படுக்கையை வச்சுட்டு வேலைக்குப் போனேன். அதுக்குள்ள அடுப்பு வச்சுட்டீங்க... என் படுக்கை எங்கேங்க?"

குரலில் நிஜமான கவலை. ரோஜினாவுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவள் அப்பா புத்திலாலும் சித்தப்பா கியான்லாலும் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது, ஊர் வழக்கப்படி கூரையிலிருந்து அடிவரை கேக் வெட்டுவதுபோல நெட்டுக்கு வெட்டிக்கொண்டார்கள். ஆளுக்குப் பாதி மாடி, பாதி மொட்டைமாடி, பாதி ஜன்னல். ஆமாம், ஜன்னலும்தான். முப்பாட்டன் காலத்துப் பூவேலை ஜன்னலின் நட்டநடுவில் சுவர் எழும்பியது. அப்பா தன் பாதிக்கு எண்ணெய் பூசிக் காப்பாற்றினார். சித்தப்பா தன் பாதியைப் பிடுங்கிவிட்டு அலுமினியத்தில் தள்ளுகதவு போட்டார். அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

சித்தப்பா அத்தோடு நிற்கவில்லை. ஏற முடியவில்லை என்று சமையலைக் கீழே இறக்கிவிட்டு, உச்சிமாடியை வாடகைக்கும் விட்டுவிட்டார். நிலநடுக்கத்தில் விரிசல் கண்டு, வெளியே மரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிற வீடு. அதனால் வாடகை கொள்ளை மலிவு. வாசல் இரண்டும் ஒட்டி ஒட்டி இருக்கும். மழை இருட்டில் புது ஆளுக்கு எது எந்த வீடு என்று எப்படித் தெரியும்?

"பக்கத்து வாசல்ல ஏறணும் நீங்க. இது எங்க வீடு" என்றாள்.

"ஐயையோ... மன்னிச்சுக்குங்க. வாசல் மாறிட்டேன்."

"ரோஜி!" கீழ்ப்படியிலிருந்து அப்பாவின் குரல். "மேலே யாரோட பேசறே?"

ரோஜினா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அப்பா பார்த்தா உங்க ரூம் போச்சு. குலசாமி பூஜைக்கு ரெண்டு வீடும் இங்கேதான் கூடணும். தம்பி குடிவச்ச ஆள் ஷூவோட வந்து தீட்டாக்கிட்டான்னு அப்பா கிளப்பினார்னா, சித்தப்பா இன்னிக்கே உங்க மூட்டையைத் தெருவுல வச்சிடுவார்."

"அப்படிச் சொல்லாதீங்க! இந்த ரூமும் இல்லேன்னா நான் எங்க ஊர் ஜும்லாவுக்குத்தான் பஸ் ஏறணும். என் சம்பளத்துக்கு இந்த ஊர்ல வேற எதுவும் கட்டுப்படியாகாது."

அவள் ஒரு நொடி யோசித்தாள். அப்பாவின் காலடி நெருங்கியது. பின்கதவைத் திறந்து அவனை மொட்டைமாடிக்குத் தள்ளினாள். "அந்தக் குட்டைச்சுவரைத் தாண்டினா உங்க பக்கம். ஓடுங்க!"

அப்பா வந்தபோது அவள் தரையை மெழுகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டிவிட்டதாம். அப்பா நம்பினார். பெற்றவருக்கு ஏன் அப்படி ஒரு பொய் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை.

காதல் கதை என்றால் முதல் பார்வையிலேயே நெஞ்சு படபடக்க வேண்டும். ரோஜினாவுக்கு அந்த வசதி இல்லை. நாலு எட்டு தள்ளி நிற்கிற எல்லா முகமும் அவளுக்கு வேகவைத்த மோமோக் கொழுக்கட்டைதான். அவன் பெயர் ஹிக்மத் ரோகாயா என்பதும், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்து லென்ஸ் போடுகிறவன் என்பதும், பிறகு மொட்டைமாடியில்தான் தெரியவந்தன.

"டீச்சர், ஷூவைக் கழட்டிட்டேன். பார்த்துக்குங்க" என்றான் ஒரு மாலை, குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"அது உங்க மாடி. ஷூ போட்டுக்கிட்டுத் தூங்குங்க, எனக்கென்ன?"

"தலையில புடைச்சது இன்னும் வத்தலை..."

"குனிஞ்சு வந்திருக்கணும். ஜும்லாவுல கதவுக்கு உயரம் ஜாஸ்தியோ?"

"எங்க ஊர்ல கதவு இதைவிடக் குட்டை. ஆனா உள்ளே போனா இப்படிக் கத்த மாட்டாங்க. ஆப்பிள் கொடுப்பாங்க."

சொல்லிவிட்டு நிஜமாகவே ஓர் ஆப்பிளை நீட்டினான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக் கையை நீட்டினாள். ஆப்பிள் இருந்த இடம் வேறு.

"டீச்சர்... உங்களுக்குத் தூரத்துல எதுவும் தெரியலைதானே?"

"எல்லாம் தெரியுது."

"அப்போ என் முகத்துல மீசை இருக்கா, இல்லையா?"

ரோஜினா முறைத்தாள். மீசை இருக்கிற பக்கமாகத்தான் முறைத்தோமா என்று சந்தேகமாக இருந்தது. "கண்ணாடி போட்டா பொண்ணு பார்க்க வர்றவங்க ஓடிடுவாங்கன்னு அம்மா சொல்வாங்க" என்றாள், தேவையே இல்லாமல்.

"ஓடட்டுமே" என்றான் அவன்.

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. இரண்டு பேரும் உள்ளே போகவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் கடைக்குப் போனாள். தலைவலி என்று ஒரு காரணம் வைத்திருந்தாள். அவன் விளையாட்டுப் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கனமான சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினான். ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றினான்.

"இது நல்லா இருக்கா... இல்ல இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்போ?"

இப்போது அவன் முகம் தெரிந்தது. மீசை இருந்தது. ஒரு புருவத்தில் பழைய தழும்பு. பழுப்புக் கண்கள், அவளுடைய கண்களையே அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஆளை எத்தனை நாளாகப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தோம்... அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இப்போ தெரியுதா, டீச்சர்?"

"ம்... தெரியுது."

"எழுத்து?"

எழுத்துப் பலகை பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

வீட்டில் எதுவும் நின்றுவிடவில்லை. கீர்த்திப்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. சனிக்கிழமை காலை மாப்பிள்ளையும் அவருடைய அத்தையும் வந்து நடுமாடியில் உட்கார்ந்தார்கள். ஹிக்மத் போட்டுக்கொடுத்த புதுக் கண்ணாடியை அம்மா முன்கூட்டியே ரோஜினாவிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தாள். மாப்பிள்ளை வழக்கம்போல மோமோவாகத் தெரிந்தார்.

அப்பா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மெல்ல மெல்லத் தம்பி பக்கம் பேச்சு போயிற்று. "அந்தப் பக்கம் கண்டவனுக்கும் வாடகைக்கு விடறாங்க. என் வீடு அப்படியில்லை. எங்க சமையல்மாடியில இன்னிவரைக்கும் வெளியாள் நிழல்கூடப் பட்டதில்லை."

"அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்றாள் அத்தை.

ரோஜினா எழுந்து போய், அம்மாவின் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்தாள். லட்சணமான முகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் மனம் வேறொரு முகத்தையே தேடிக்கொண்டிருந்தது. இந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்து இவர்களிடம் தலையாட்டிவிட்டால் அவ்வளவுதான், மீள முடியாது.

"பட்டிருக்கு அப்பா" என்றாள்.

"என்னது?"

"சித்தப்பா வீட்டு ரூம்காரர் ஒருநாள் வாசல் மாறி ஏறிட்டார். ஷூவோட. நான்தான் அவரை மாடி வழியா அனுப்பிட்டு, தரையை மெழுகினேன்."

அத்தை தேநீரைக் கீழே வைத்தாள். அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கீர்த்திப்பூர் சம்பந்தம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியது. அப்பா, ஆண்டுக்கணக்கில் பேசாத தம்பியைப் பெயர் சொல்லித் தெருவிலிருந்து கூப்பிட்டார். அந்த விதத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை திரும்பியது. மத்தியானத்துக்குள் ஹிக்மத்தின் மூட்டை வாசலுக்கு வந்துவிட்டது.

ரோஜினா குடையோடு ஓடிவந்தபோது அவன் படுக்கையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் டீச்சர்? ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

"பொய் சொல்லிக் கட்டிக்க முடியலை."

"உங்களுக்கு மனசாட்சி. எனக்கு ரூம். சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

நினைத்ததால்தான் சொன்னேன் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. "வேற ரூம் நானும் சேர்ந்து தேடறேன்" என்றாள்.

"வேண்டாம். பாவம் பார்க்கறவங்க வேண்டாம் எனக்கு. கிடைச்சா இருப்பேன், இல்லேன்னா ராத்திரி பஸ். வீட்டுக்குப் போங்க."

அவன் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தான். அவள் வீட்டுக்குப் போகவில்லை. கொஞ்சம் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். குயிதா பக்கம் ஒரு வீட்டில் கேட்டான். ஆள் வந்துவிட்டார்களாம். அடுத்த சந்தில் வாடகை அவன் சம்பளத்தையே விழுங்கும் போலிருந்தது. இன்னொரு வீட்டில் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் திரும்பும்போது அவளைப் பார்ப்பான். பார்க்காத மாதிரி நடப்பான். மழை இரண்டு பேர் மேலும் பாரபட்சமில்லாமல் பெய்தது. ஒரு குடைக்குள் வரச்சொல்ல அவளுக்கு ரோஷம். கேட்க அவனுக்கு ரோஷம்.

அவன் போய்விடுவான்... நாளைக்கு மொட்டைமாடிக்குப் போனால் குட்டைச்சுவர் மட்டும்தான் இருக்கும். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்னும் தள்ளி, சியாசல் பகுதியில் ஒரு பழைய வீடு. மேல்ஜன்னலில் ஒரு பெண்மணி மழையைப் பார்த்தபடி சோளம் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! ரூம் இருக்கா?" என்றான் ஹிக்மத்.

"இருக்கு. பின்கட்டுல ஒண்ணு. கூரை ஒழுகும், அதுக்கேத்த வாடகைதான். எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான், அக்கா."

"தனி ஆளா? தனி ஆளுக்கெல்லாம் கொடுக்கறதில்லை, தம்பி. குடும்பம்னா சொல்லு."

ஹிக்மத் மூட்டையைச் சரிசெய்துகொண்டு திரும்பினான். அவன் தோள் தொங்கிப்போனதைக் கண்ணாடி போட்ட ரோஜினா தெளிவாகப் பார்த்தாள்.

"தனி ஆள் இல்லை, அக்கா!" என்று கத்தினாள். "ரெண்டு பேர்!"

"யாரும்மா நீ?"

"அந்த ரெண்டாவது ஆள்."

ஹிக்மத் நின்ற இடத்திலேயே நின்றான். "டீச்சர்... என்ன பேசறீங்க?"

"கல்யாணம் ஆயிடுச்சா?" ஜன்னலிலிருந்து விசாரணை தொடர்ந்தது.

"இல்லை. தசைன் பண்டிகை முடிஞ்சு மங்சிர் மாசத்துல!"

"யாருக்குக் கல்யாணம்?" என்றான் ஹிக்மத், குரலே எழும்பாமல்.

"எனக்கு."

"யாரோட?"

"மத்தியானத்துலேர்ந்து யார் பின்னாடி மழையில நடக்கறேன்? இதுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?" அவள் குரல் உடைந்தது. "பாவம் பார்த்து வரலை, ஹிக்மத். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. அங்கே உட்கார்ந்து வேற ஒருத்தருக்குத் தலையாட்ட முடியலை. நீங்க பஸ் ஏறிட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியலை... போதுமா?"

அவன் மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தான், சேற்றிலேயே.

"எனக்கும் பிடிச்சிருக்கு, டீச்சர்" என்றான். "முதல் நாள் இல்லை. முதல் நாள் பயம்தான். கடைக்கு வந்தீங்களே, அன்னிக்கு... நீங்க என்னையே பார்த்தீங்க, நான் லென்ஸை மாத்தறதை மறந்துட்டேன். வாடகைக்கு இருக்கறவன் எந்த முகத்தோட கேட்கறதுன்னுதான்..."

"இந்த முகத்தோடயே கேட்டிருக்கலாம்."

அவள் குடையை நீட்டினாள். அவன் உள்ளே வந்தான். தோள் பட்டதும் இருவருமே நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே சோளம் கொறிப்பது நின்றிருந்தது. "ஏம்மா, வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்லை, அக்கா. அதுவரைக்கும் இவர் இங்கே இருக்கட்டும். நான் வீட்டுல இருந்து சண்டை போடறேன்."

"ஒத்துக்கலைன்னா?"

"அப்பவும் மங்சிர்லதான்."

அந்தப் பெண்மணி இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தாள். "நனையாம ஓரமா நில்லுங்க. சாவி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.